பிச்சாட்டூர் திறந்துட்டாங்களா?

ஐப்பசி, கார்த்திகையில் பழவேற்காட்டுக் குப்பங்களில் அதிகம் கேட்கும் கேள்வி இது. அங்கே சில வருடங்கள் வாத்தியாராக இருந்தவன் என்பதால் என் காதிலும் நிறைய விழுந்திருக்கிறது.

புயல் என்றால் கடலைத்தான் பார்க்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஏரிக்கரைக் குப்பங்களுக்கோ ஆபத்து முதுகுப் பக்கமிருந்தும் வரும். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால், ஆரணியாற்று வெள்ளம் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக ஏரிக்கு வந்து சேரும். அந்த நேரம் பார்த்து முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால், தண்ணீர் கடலுக்குப் போக வழியின்றி வீடுகளைத் தேடி வரும். அணை திறந்தாயிற்றா, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, இந்த இரண்டும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டியவை.

அரசாங்கம் சொன்னது வேறு. அந்தக் காலத்தில் வானிலைத் துறையின் தந்தி கலெக்டருக்கு வரும். அங்கிருந்து தாசில்தார், கிராம முன்சீப் என்று இறங்கி, கடைசியில் தண்டோராவாக ஊருக்குள் ஒலிக்கும். சில சமயம் தண்டோராவை முந்திக்கொண்டு மழை வந்துவிடும்! முன்சீப் பதவியே 1980இல் ஒழிக்கப்பட்டது. துறைமுகக் கூண்டுகள் கப்பல்காரர்களுக்கானவை. அவற்றில் 11ஆம் எண் கூண்டுக்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான்.

சென்னை வானொலி 1938இல் வந்தது. ஆனால் குப்பத்துக்குள் செய்தியைக் கொண்டுவந்தது பிற்காலத்து டிரான்சிஸ்டர்தான். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரை கடந்தது. இந்திரா காந்தி மறைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். ஆகவே டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். "சென்னைக்குக் கிழக்கே இத்தனை கிலோமீட்டர்" என்று செய்தி சொன்னால், "அத்த வுடு வாத்தியாரே, முகத்துவாரம் பத்தி எதனா சொன்னானா?" என்பார்கள். ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் தளம். 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோளை அமெரிக்கச் சேலஞ்சர் விண்கலம்தான் கொண்டுபோய் விட்டது. அதன்பிறகு செயற்கைக்கோள் வழியாகவே கடலோரங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறை வந்தது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் மேலிருந்து கீழே வரும் செய்தி. கீழே இருப்பவன் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

புதுச்சேரி நல்லவாடு கதையை இங்கே சொல்ல வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து, அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப்பிள்ளை ஒருவர் போனில் எச்சரிக்க, அதே ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். தெரிந்தவன் சொன்ன சொல், தினமும் கேட்டுப் பழகிய குழாய். அதனால்தான் உடனே நம்பி ஓடினார்கள் என்பது என் எண்ணம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலேயே செல்போன்கள் செத்துக் கிடந்தன. இப்போது வாட்ஸப்பில் வதந்திக்கும் பஞ்சமில்லை, போன வருட வெள்ளப் படம் இந்த வருடமும் சுற்றுகிறது. 2021 நவம்பரில் ஆரணியாறு பெருகியபோது, எனக்குத் தெரிந்த மீன்காரம்மா ஒருவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வாடிக்கைக்காரருக்குப் போன் போட்டார். அணையில் எத்தனை கன அடி என்றெல்லாம் கேட்கவில்லை. "தரைப்பாலம் முழுகிடுச்சா சாமி?" என்பதுதான் கேள்வி. முழுகிவிட்டது என்றதும் பாய், அரிசி, ரேஷன் கார்டு மூன்றையும் பரணில் ஏற்றிவிட்டு, முகத்துவாரத்தைப் பார்த்துவர மகனைப் படகில் அனுப்பினார்.