சேணத் தையல்

சேணத் தையல் என்பது ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, தடித்த தோலைக் கையால் தைக்கும் முறையாகும். குதிரைச் சேணம், கடிவாள வார், இடைவார், கத்தியுறை, பயணப்பை முதலியன இம்முறையில் தைக்கப்படுகின்றன. சேணம் செய்வோரின் பட்டறைகளில் வழங்கியதால் இப்பெயர் பெற்றது. இங்கிலாந்தின் வால்சால் நகரம் சேணத் தொழிலுக்குப் பெயர் பெற்றது; அந்நகரக் காற்பந்துக் கழகத்தின் பட்டப்பெயரே "சேணக்காரர்கள்" என்பதாகும். 1837 இல் பாரிசு நகரில் குதிரைப் பூட்டுவார்கள் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மேசு நிறுவனம், தன் தோற்பைகளிலும் இத்தையலைக் கையாள்கிறது.

இயந்திரத் தையலிலிருந்து வேறுபாடு

தையல் இயந்திரம் இரு தனி நூல்களைப் பயன்படுத்துகிறது. ஒன்று மேற்பக்கத்திலும் மற்றது கீழ்ப்பக்கத்திலும் ஓடி, தோலின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஒருபக்க நூல் தேய்ந்து அறுந்தால் மறுபக்க நூலுக்குப் பிடிமானம் இல்லாமற் போகும். இழுவை தொடரத் தொடரத் தையல் பிரிந்துகொண்டே செல்லும். சேணத் தையலில் நூலின் இரு பாதிகளும் ஒவ்வொரு துளையினூடாகவும் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. ஓரிடத்தில் ஒரு பாதி அறுந்தாலும் மற்றப் பாதி அவ்விடத்தைத் தாங்கி நிற்கும். குதிரையில் ஏறுபவரின் எடையைத் தாங்கும் அங்கவடி வாரில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. அறுந்த நூல் கண்ணில் படும்போது வார் இன்னும் கழன்றிருக்காது. பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். எனினும் இவ்வலிமை தளர்வின்றித் தைத்த தையலுக்கே உரியது.

தோலும் வெட்டுதலும்

இவ்வேலைக்குத் தாவரப் பதனிடல் செய்த மாட்டுத்தோலே ஏற்றது. மரப்பட்டைச் சாறுகளால் பதனிடப்படும் இத்தோல் விறைப்பாக இருக்கும்; வெட்டிய விளிம்பைத் தேய்த்து மெருகேற்றலாம். தமிழகத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டதும் இவ்வகையே. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது; அதன் விளிம்பு எளிதில் மெருகேறாது. ஆங்கில மரபில் தோலின் தடிப்பு அவுன்சில் கூறப்படும். ஓர் அவுன்சு ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆகும், எனவே 10 அவுன்சுத் தோல் சுமார் 4 மி.மீ. தடிப்புடையது. முதுகுப் பகுதித் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பகுதி இழுபடும். வார்களை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுவது வழக்கம்.

தடித்த தோலை ஒரே இழுப்பில் வெட்ட முயல்வது தொடக்கநிலையினரிடம் பரவலாகக் காணப்படும் பழக்கமாகும். அப்போது கத்தி சாய்ந்து, விளிம்பு சரிவாக அமைகிறது. அழுத்தம் மிகும்போது கத்தி வழுக்கிக் கையையும் பதம் பார்க்கும். உருக்கு அளவுகோலை அழுத்திப் பிடித்து, முதலில் மெல்லிய கோடு கீறி, அதே கோட்டில் மூன்று நான்கு முறை கத்தியைச் செங்குத்தாக இழுக்க வேண்டும். அளவுகோலைப் பிடிக்கும் விரல்கள் கத்தியின் பாதையில் இருத்தலாகாது. மழுங்கிய கத்தியே அதிக ஆபத்தானது.

துளையிடல்

விளிம்பிலிருந்து 3 முதல் 5 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு இழுக்கப்படும். பல் வரிசை கொண்ட உளியை அக்கோட்டில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால், சம இடைவெளியில் சாய்ந்த அடையாளங்கள் பதியும். தடித்த தோலில் அவ்வுளியை அடிவரை இறக்குவது கடினம். ஆகவே அடையாளம் மட்டும் இட்டு, துளையைக் குத்தூசியால் இடுவர்.

குத்தூசியின் அலகு சாய்சதுரக் குறுக்குவெட்டு உடையது. அடையாளத்தின் சாய்வு மாறாமலும், தோலுக்குச் செங்குத்தாகவும் அதைச் செலுத்த வேண்டும். முன்பக்கத் துளைகள் நேராக அமைந்தும் பின்பக்கத் துளைகள் அலைந்து காணப்பட்டால், குத்தூசி சாய்ந்துவிட்டது என்று அறியலாம். கற்பவருக்கு அதிகக் காலம் எடுப்பது இந்தப் படியே. வீண் துண்டுகளில் நூறு துளைகளாவது இட்டுப் பழகுவது நன்று.

நூலின் நீளம்

தையலின் நீளத்தைப் போல மூன்றரை மடங்கு நூல் எடுக்க வேண்டும் என்ற பொதுவிதி உண்டு. மெல்லிய தோலுக்கு இது பொருந்தும். தடித்த தோலுக்கு முற்றிலும் போதாது. 30 செ.மீ. நீளத்தில் 4 மி.மீ. இடைவெளியில் தைத்தால் சுமார் 75 துளைகள் வரும். அடுக்குகளின் மொத்தத் தடிப்பு 3 மி.மீ. எனில், நூலின் ஒவ்வொரு பாதியும் துளைகளுக்குள் 22.5 செ.மீ., மேற்பரப்பில் 30 செ.மீ. செல்லும், இரு பாதிகளுக்கும் 105 செ.மீ. ஆகும். தடிப்பு 8 மி.மீ. ஆனால் அதே தையலுக்கு 180 செ.மீ., அதாவது ஆறு மடங்கு தேவைப்படும். முடிப்புக்கும் ஊசி பிடிப்பதற்குமான நூல் இதற்கு மேல். பாதி வழியில் நூல் தீர்ந்துபோவதற்கு இக்கணக்கைக் கவனியாமையே பெரும்பாலும் காரணம்.

தைத்தல்

மெழுகிட்ட சணல்நார் நூல் மரபானது. இப்போது பாலியெசுத்தர் நூலும் பயன்படுகிறது. தேன்மெழுகு உராய்வைக் குறைத்து, தையலை இறுகப் பிடிக்கச் செய்கிறது. துளை முன்பே இடப்படுவதால் ஊசி முனை மழுங்கியிருக்க வேண்டும். கூரிய முனை துளையில் உள்ள நூலைக் கிழித்துவிடும்.

தோலை முழங்கால்களுக்கிடையே மரக்கவ்வியில் பிடித்து இரு கைகளாலும் தைப்பர். ஓர் ஊசி துளையில் சென்றதும் அந்நூலை ஒருபுறமாக இழுத்துப் பிடித்து, மற்ற ஊசியை அதே துளையில் எதிர்த்திசையில் செலுத்தி, இரு நூல்களையும் சமமாக இறுக்க வேண்டும். எந்த ஊசி முதலில் செல்கிறது, மற்றது அதற்கு மேலா கீழா என்பது பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். எதைத் தேர்ந்தாலும் இறுதிவரை அது மாறலாகாது. மாறிய இடத்தில் தையலின் சாய்வு கெட்டு உடனே தெரியும். மிகையாக இறுக்கினால் நூல் தோலை அறுக்கும்.

முடிவில் இரண்டு அல்லது மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டுவர். சணல்நார் நூலுக்கு இதுவே போதும். பாலியெசுத்தர் நூலின் நுனியைச் சற்று உருக்கி அழுத்துவதுண்டு. பின்னர் தையலை மெல்லத் தட்டிப் படியச்செய்து, விளிம்புகளை ஈரமாக்கி மரக்கட்டையால் தேய்த்து மெருகேற்றுவர்.