குச்சிக்கிழங்குக் காம்பு இட்ட துளை: குரோபோ மணி பிறந்த கதை

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்கியபின் காம்பை யாரும் சட்டை செய்வதில்லை. கிழங்கு சேகோ ஆலைக்குப் போகும். குச்சியைக் கட்டி நிழலில் சாத்தி வைத்தால் அடுத்த நடவுக்கு ஆகும். இலையும் காம்பும் வரப்போரம் காய்ந்து கிடக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒடுமாசே குரோபோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இந்தக் காம்பைத்தான் எண்ணி எடுத்து, ஒரே அளவாக நறுக்கி வைக்கிறார்கள். உலகமெங்கும் வளையலாகவும் கழுத்துமாலையாகவும் விற்கும் குரோபோ கண்ணாடி மணிக்குத் துளை போடுவது அந்தக் காம்புதான்.

வேலை காலி பாட்டிலில் தொடங்குகிறது. பீர் பாட்டில், மருந்து பாட்டில், உடைந்த ஜன்னல் கண்ணாடி, எதுவானாலும் சரி. கழுவி, லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு இரும்பு உரலில் போட்டு இடிக்கிறார்கள். மாவாகும்வரை இடித்து, சலித்து, கப்பியை மறுபடி உரலில் போட்டு இடிக்கிறார்கள். சில நிறங்களுக்குப் பாட்டிலே போதும். பச்சை பாட்டில் பச்சை மணியாகும், பழுப்பு பாட்டில் பழுப்பு மணியாகும். மஞ்சள், சிவப்பு, நீலம் வேண்டுமென்றால் பீங்கானுக்குப் போடும் நிறப்பொடியைக் கண்ணாடித் தூளோடு கலக்கிறார்கள்.

அச்சு களிமண்ணால் ஆனது. அதில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் காம்பு நிற்கும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். உருகிய கண்ணாடி அச்சோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க உட்புறம் முழுவதும் வெள்ளைக் களிமண் கரைசலைப் பூசிக் காயவிடுகிறார்கள். பிறகு காம்பை நட்டநடுவே நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். கோடு வேண்டிய இடத்தில் வேறு நிறத் தூள், அதன்மேல் மீண்டும் பழைய நிறம். கை நடுங்கினால் கோடு கலைந்துவிடும். சூளைக்குக் கரையான் புற்று மண். உள்ளே ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் தூள் இளகி ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. அதே நேரத்தில் காம்பு எரிந்து சாம்பலாகிறது. அது நின்ற இடமே துளை.

ஒளி ஊடுருவும் மணிக்கு முறை வேறு. அதற்குத் தூள் ஆகாது. உடைந்த சில்லுகளாகவே அச்சில் இடுகிறார்கள். சூளையிலிருந்து எடுத்த கையோடு, கண்ணாடி இளகிய நிலையில் இருக்கும்போதே, கூரான இரும்புக் கம்பியைக் குத்தி மணியை உருட்டித் திருப்புகிறார்கள். சில நொடி தாமதித்தால் கண்ணாடி இறுகிவிடும், கம்பி இறங்காது. ஆறிய மணிகளைக் கம்பியில் கோத்து, கல்லின்மேல் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தபிறகுதான் பளபளப்பு வருகிறது. ஒரு வளையலுக்கு இருபது மணி என்றால், இருபது மணியும் இத்தனை கைகளைக் கடந்து வந்தவை.

இந்தக் கதையில் நமக்கும் பழைய பங்கு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கிய சின்னஞ்சிறு மணிகள் அவை. பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்று அழைத்தார். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தக் குழல் இழுக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வே வரைக்கும் இந்த வகை மணிகள் இந்தியப் பெருங்கடல் தாண்டிப் போயிருக்கின்றன. மணி என்ற சரக்கு பல நூற்றாண்டுகள் நம் கரையிலிருந்து அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அதனால் ஆப்பிரிக்கர்களுக்கு மணி செய்யத் தெரியாது, வெளியிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நைஜீரியாவின் இஃபே நகரில் இக்போ ஒலோகுன் என்ற இடத்தில் அபிதெமி பாபலோலாவும் அவருடைய குழுவும் தோண்டிப் பார்த்ததில், கண்ணாடியையே மூலப்பொருளிலிருந்து அங்கே தயாரித்ததற்கான உலைத் தடயங்கள் கிடைத்தன. ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரையைத் தொடுவதற்கு முன்பே நடந்த தொழில் அது. பின்னர் வெனிஸ் மணிகளும் பொஹீமிய மணிகளும் கப்பல் கப்பலாக இறங்கின. அவற்றைக் கொடுத்துப் பொன் வாங்கினார்கள், தந்தம் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். மணியின் வரலாற்றில் இது மறைக்கக் கூடாத பக்கம். வந்திறங்கிய கண்ணாடியை உடைத்து, இடித்து, தங்கள் அச்சில் தங்கள் வடிவத்தில் மறுபடி வார்த்த ஊர்களில் குரோபோவும் ஒன்று.

குரோபோ மக்களுக்கு மணி வெறும் நகை இல்லை. பிறந்த குழந்தைக்கு மணி கட்டுவார்கள். பெண் வயதுக்கு வரும்போது திப்போ என்ற சடங்கு நடக்கும்; அன்றைக்கு அவள் இடுப்பிலும் கழுத்திலும் குடும்பத்தின் மணிகள் அத்தனையும் ஏறும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு இறங்கும் சொத்து அது. 1892-ல் ஆங்கிலேய ஆட்சி குரோபோ மலையிலிருந்து இந்த மக்களை வலுக்கட்டாயமாகக் கீழே இறக்கி, திப்போவையும் தடை செய்தது. சடங்கு அழியவில்லை, மணியும் அழியவில்லை. இன்றைக்கும் அகோமான்யா சந்தையில் புதனும் சனியும், கொஃபோரிடுவாவில் வியாழனும் மணிகள் குவிகின்றன. நம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்கும் புளிக்கும் கூடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மணிக்கென்றே ஒரு சந்தை நாள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

உள்ளூர்ச் சடங்குக்கான மணி ஊர் தாண்டி விலைபோனது எப்படி? அது இன்னொரு பிறப்பு, நியாய வணிகத்தின் பிறப்பு. 1946-ல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிகோவுக்குப் போனார். அங்கே வறுமையில் இருந்த பெண்களின் தையல் வேலைப்பாட்டைப் பார்த்து, வாங்கிக் கொண்டுவந்து, காரில் வைத்து ஊர் ஊராக விற்றார். பின்னாளில் டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1968-ல் ஐக்கிய நாடுகளின் வணிக வளர்ச்சி மாநாடு புது தில்லியில் நடந்தபோது, உதவி வேண்டாம், வணிகம் கொடுங்கள் என்ற ஏழை நாடுகளின் குரல் ஓங்கி ஒலித்தது. 1989-ல் இப்படிப்பட்ட அமைப்புகள் ஒன்று சேர்ந்து உருவாக்கிய சங்கம்தான் இன்றைய உலக நியாய வணிக அமைப்பு. கானாவின் கேப் கோஸ்ட் நகரில் 2003-ல் ஆறு பெண்களோடு தொடங்கிய குளோபல் மாமாஸ், குரோபோ மணிக்காரர்களின் சரக்கையும் சேர்த்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறது.

நியாய வணிகம் என்றதும் நல்ல மனசு, கருணை என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கைவினைப் பொருளுக்கான ஒரு கணக்கு விதி. செய்பவர் கேட்டால், ஆர்டர் தொகையில் குறைந்தது பாதியை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்க வேண்டும். சூளை பற்றவைக்கும் முன்பே விறகுக்கும் நிறப்பொடிக்கும் கூலிக்கும் காசு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

முன்பணம் நமக்குப் புதிதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா பூக்கும்போதே குத்தகைக்காரர் வந்து தோப்பைப் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், வாங்காமல் முடியாது. வாங்கிய நிமிடத்தில் விலை பேசும் வாய் அடைபட்டுவிடும். காசு முன்னால் வருவதால் மட்டும் வணிகம் நியாயமாகிவிடாது. குரோபோ மணிக்கான முன்பணத்தில் விலை முதலிலேயே இருவரும் உட்கார்ந்து பேசியதாக இருக்கும், வட்டி கிடையாது, செய்பவர் வேறு ஒருவருக்கும் விற்கலாம். 2025 கோடையில் பெங்களூரா மாங்காய் கிலோ நாலைந்து ரூபாய்க்குச் சரிந்து, தோப்புக்காரர்கள் போராட்டத்துக்கு வந்தபோது எனக்கு அந்த விதிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கூழ் ஆலைக்கு வண்டி போய் நின்ற பிறகு விலை பேசும் வழக்கம் மாறாதவரை எங்கள் ஊர் மாங்காய்க்கு விடிவு இல்லை.

கைவினை ஊர் தாண்டி விலைபோவது நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993-ல் பழங்குடியினருக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். அங்குள்ள லம்பாடிக் குடியிருப்புகளான தாண்டாக்களில் பெண்கள் பாட்டி காலத்துத் தையலை மறந்துபோயிருந்தார்கள். சில மூதாட்டிகளுக்குத்தான் நினைவிருந்தது. அவர்களிடம் கற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைப் பெண்கள் தொடங்கிய தையல் குழுதான் போர்கை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி இறக்க வேண்டிய தையல் அது. ஓர் இழை பிசகினால் வரிசை முழுவதும் கோணும். ஓர விளிம்பில் வைக்கும் சின்னக் கண்ணாடியைச் சுற்றித் தைப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். இன்று பைகளாகவும் குர்த்தாக்களாகவும் பெருநகரக் கடைகளுக்கு அது போகிறது. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு நல்ல கடையில் அதை வாங்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஆகவே, ஆப்பிரிக்க மணியையும் போர்கை பையையும் ஒரே மேசையில் வைத்து விற்கும் ஒரு கடை இந்த எல்லைப் பகுதியில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாங்குவோர் இல்லை என்று சொல்ல முடியாது. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சொந்தச் சம்பளத்தில் முதல் நகை வாங்குபவர்கள் அவர்கள். சீனத்துப் பிளாஸ்டிக் மணி இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது ஏன் என்று கேட்பார்கள்; கேட்கட்டும். காம்பும் சூளையும் பற்றிச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் கடையில் நின்றால் போதும். குரோபோ மணியைப் போலவே அச்சடித்த மலிவு நகல்கள் கானாவின் சந்தைகளுக்கே வந்து அங்குள்ள சூளைகளை அணைக்கப் பார்க்கின்றன என்பதையும் அந்த ஆள் சொல்ல வேண்டும்.

தொழிலாக எடுப்பவருக்குச் சில நடைமுறைகள். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் வாங்க வேண்டும். கோக்காத மணியும், சரக்குப் போக்குவரத்துக்காக நூலில் கட்டிய மணியும் சுங்கத்தில் கண்ணாடி மணி வகையில் சேரும். அதே மணி வளையலாக முடிந்து வந்தால் போலி நகை வகைக்குப் போய்விடும். 2023 பட்ஜெட்டில் போலி நகைக்கான சுங்க வரியை 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 600 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது என்று உயர்த்தினார்கள். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் ஆர்டர் போடும் முன் சுங்கத் தரகரிடம் அன்றைய நிலையைக் கேட்டுவிடுவது நல்லது. மணியாக வரவழைத்து இங்கே கோக்கலாமே என்று தோன்றும். கோக்கும் கூலி கானாப் பெண்ணிடமிருந்து பறிபோகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். என் விருப்பம், வரி கூடினாலும் அவர்கள் கோத்த வளையலையே வாங்குவது. தந்தம், ஆமை ஓடு எந்த வடிவிலும் வரவே கூடாது. காட்டுயிர்ச் சட்டம் பாயும்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் தில்லியில் நடந்த இந்திய ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்கு வரிச் சலுகை அறிவித்தார்கள். இன்று அது பெரும்பாலான பொருள்களுக்குப் பொருந்துகிறது. கானாவும் கென்யாவும் அந்தப் பட்டியலில் இல்லை. உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா இருக்கின்றன. பிறப்பிடச் சான்றிதழ் சரியாக இருந்தால் சலுகை கிடைக்கும். உகாண்டாவின் கம்பாலாவில் கிரேகா என்ற பகுதிக் கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள், பழைய காகிதத்தை நீள முக்கோணமாக வெட்டி, இறுகச் சுருட்டி, பசையிட்டு, வார்னிஷ் பூசி மணி செய்கிறார்கள். 2004-ல் தொடங்கிய பீட்ஃபார்லைஃப் என்ற அமைப்பு அந்த மணிகளை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. கண்ணாடியைவிட எடை மிகக் குறைவு, விமானக் கூலி கையைக் கடிக்காது. பர்கூர் வட்டாரக் குவாரிகளில் கல் சுமந்த பெண்கள் உள்ள மாவட்டத்தில், முதல் சரக்காக நான் தேர்ந்தெடுப்பது அந்தக் காகித மணியைத்தான். அது விற்ற காசில் இரண்டாவதாக ஒடுமாசே குரோபோவுக்குப் பாதி முன்பணம் அனுப்பலாம்.