எறியீட்டி செய்த கைகள்

பொற்றகடு போர்த்திய மரக்கோல் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலே இருக்கிறது. ஸ்பானியர் வருமுன் மெக்சிக்கோவிலே செய்யப்பட்டது. அட்லாட்டில் என்பது பெயர்; ஈட்டியைத் தொலைவிலே செலுத்தும் எறிகோல். அந்நாட்டு ஓவிய ஏடுகளிலே கடவுளர் கரங்களில் இக்கோலைக் காண்கிறோம். கோலுக்குப் பொன்னும் புகழும்! அதற்கு ஏற்ற ஈட்டியை இழைத்தவனுக்கு என்ன கிடைத்தது? படமுமில்லை, பட்டயமுமில்லை. அவனைப் பற்றியே பேச விழைகிறோம்.

கோலின் முனையிலே ஒரு கொக்கி. கொக்கியிலே ஈட்டியின் அடி. வீசும்போது கை நீண்டதுபோலாகி, வேகம் பெருகுகிறது. அவ்வளவே. அருமை ஈட்டியிலே! ஆள் உயரம்கூடச் செல்லும் மெல்லிய தண்டு, எறியும் வேகத்திலே வளைந்து நிமிர வேண்டும். விறைத்த தண்டு நேரே பறக்காது. மிகத் துவளும் தண்டும் பயனற்றது. ஆகவே நேரான கொம்பைத் தேர்ந்து, பட்டை உரித்து, அனலிலே வாட்டிக் கோணல் நீக்கினர். அடியிலே கொக்கி பொருந்தக் குழி குடைந்தனர். ஈரமான விலங்கின் நாரால் இறகைக் கட்டினர். நார் உலரும்போது தானே இறுகும். கல்முனையைத் தனித் துண்டிலே பொருத்தித் தண்டிலே செருகுவதும் உண்டு. முனை முறிந்தால் துண்டை மாற்றலாம், தண்டு பிழைக்கும். எத்துணைச் சிக்கனம்! இவர்களையா காட்டுமிராண்டிகள் என்றனர், கப்பலேறி வந்த கனவான்கள்?

இவையெல்லாம் ஊகமல்ல. கனடாவின் யூக்கான் பகுதியிலே, 1997-ஆம் ஆண்டு, உருகும் மலைப்பனியினின்று கரிபு மான்களின் சாணம் வெளிப்பட்டது; அதனிடையே ஒரு மரத்துண்டு. ஆராய்ந்தால், 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எறியீட்டியின் பகுதி! பின்னரும் பல கிடைத்தன. பூர்ச்ச மரத் தண்டு, கல்முனை, நார்க்கட்டு, இறகு. மண்ணிலே மக்கியிருக்க வேண்டியவற்றைப் பனி காத்தது. அப்பகுதிப் பழங்குடியினரும் ஆய்வாளரோடு சேர்ந்து தம் முன்னோரின் கைவேலையை ஆராய்ந்தனர்.

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே வில் வந்தது. அதன்பின் அப்பனியிலே எறியீட்டி இல்லை, அம்புகளே கிடைக்கின்றன. முன்னோர் படைக்கலமாயிற்றே என்று எவரும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை! ஆனால் மெக்சிக்கோவிலே, பாட்ஸ்குவாரோ ஏரியிலே, வேறு கதை. ஓடத்திலிருந்து வாத்து வேட்டையாட எறிகோலே ஏற்றதாயிருந்தது. 20-ஆம் நூற்றாண்டிலும் அம்மக்கள் அதை வீசினர், பொன் போர்த்தாத வெறும் மரக்கோலை.