நகருக்கு எல்லை வகுத்த எண்கள்

கிராமம் முடிந்து நகரம் தொடங்கும் கோட்டை வரைபடத்தில் இழுப்பது நிலமன்று, ஓர் எண்ணே.

1951 வரை மாகாணக் கணக்கெடுப்பு அதிகாரிகளின் மதிப்பீட்டுக்கு இதில் மிகுந்த இடமிருந்தது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சி இல்லாத ஊர்களுக்கு மூன்று அளவுகோல்கள் விதிக்கப்பெற்றன: 5,000 மக்கள், சதுர மைலுக்கு 1,000 பேர் நெருக்கம், உழைக்கும் ஆடவரில் முக்கால் பங்கினர் வேளாண்மை சாராதோர். முன்பு நகரென எண்ணப்பெற்ற ஊர்கள் பல மீண்டும் கிராமங்களாயின. வீடும் வீதியும் மாறவில்லை, வரம்பெண்ணே மாறிற்று.

இன்று அக்கோட்டை மென்பொருளும் வரைகிறது. 2020-இல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்ற முறைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 300 பேர் வீதம் அடுத்தடுத்த கட்டங்கள் சேர்ந்து 5,000 பேரைக் கொண்டால் அது நகர்ப்புறம். ஆனால் 2011-இல் பீகாரின் சராசரி நெருக்கமே 1,106! நெல்வயல் சூழ்ந்த சிற்றூர்களும் இவ்வளவையில் நகராகிவிடும். அதே ஆண்டில் நம் கணக்கெடுப்போ, பீகாரில் நூற்றுக்குப் பதினொருவரையே நகரவாசிகளாகக் கண்டது. கட்டங்களை எண்ணும் கருவி, அங்கு வாழ்பவரின் தொழிலைக் கேட்பதில்லை. 1961-இன் மூன்றாம் அளவுகோல் கேட்டது. அதனையே சிறந்த விதியென்பேன்.

அவ்விதிக்கும் ஒரு குறையுண்டு. 2011-இல் ஏறத்தாழ 3,900 ஊர்கள் கணக்கெடுப்பில் நகரங்கள். ஆட்சிமுறையில் நகராட்சி பெறாதவை. பெருநகர ஓரங்களில் குடியேறிய நேயர்கள், தம் தெருச் சாக்கடைக்கு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவதென்று தேடுவது இதனால்தான்.