புதுச்சேரி முற்றுகையில் ஒரு பெண் சிப்பாய்



1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரிக் கோட்டையை முற்றுகையிட்டதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். கோட்டைக்குள் டூப்ளே, வெளியே தளபதி பாஸ்காவன். மழைக்காலம் நெருங்கியது, படையில் நோயும் பரவியது. ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டனர். பாடம் அதோடு முடிந்துவிடும். அந்தப் படையோடு ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் ஒரு பெண்ணும் வந்திருந்தார்.

அவர் ஹன்னா ஸ்னெல். 1723இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கர்ப்பிணியாக இருந்தபோதே கணவர் கைவிட்டுப் போனார். பிறந்த குழந்தையும் இறந்தது. அக்காள் கணவரின் உடையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, ஓடிப்போன கணவரைத் தேடிக் கிளம்பினார். பின்பு கடற்படைச் சிப்பாயாகி, 'ஸ்வாலோ' என்ற கப்பலில் நம் கரைக்கு வந்தார்.

எப்படிக் கண்டுபிடிக்காமல் விட்டார்கள் என்று கேட்பீர்கள். ஆள் சேர்க்கும்போது இன்றுபோல் முழு உடல் பரிசோதனை அன்று கிடையாது. மீசை முளைக்காத பையன்களும் படையில் இருந்தார்கள். கால்சட்டை போட்டவர் ஆண், அவ்வளவுதான் கணக்கு.

1750இல் ஊர் திரும்பிய பிறகுதான் உண்மையைச் சொன்னார். அதே ஆண்டு ராபர்ட் வாக்கர் என்ற பதிப்பாளர் அவர் கதையை நூலாக வெளியிட்டார். தொடைக்கு மேல் பாய்ந்த குண்டை மருத்துவரிடம் காட்டாமல் தாமே எடுத்தார் என்றும், உள்ளூர்ப் பெண் ஒருத்தி உதவினாள் என்றும் அதில் உள்ளது. விற்பனைக்காக எழுதப்பட்ட நூல், மிகைப்படுத்தல் இருக்கும்.

ஆனால் அவர் பெற்ற ஓய்வூதியம் மிகையல்ல. கம்பர்லாந்து கோமகனிடம் மனுக் கொடுத்தார். காயம்பட்ட படைவீரர்களைப் பராமரித்த செல்சி மருத்துவமனை, பெண் என்று தெரிந்த பிறகும் அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. சீருடையுடன் லண்டன் மேடைகளில் துப்பாக்கிப் பயிற்சி செய்துகாட்டியும் பிழைத்தார். கடைசிக் காலத்தில் மனநோய் கண்டு, 1792இல் பெத்லெம் மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் விரும்பியபடியே செல்சியில், படைவீரர்களின் இடுகாட்டில் புதைத்தார்கள்.

ஹன்னாவுக்குப் பெயரும் பென்ஷனும் கல்லறையும் கிடைத்தன. நூல் சொல்வது உண்மையானால், மொழி தெரியாத அந்நியருக்கு மருந்திட்டு, ரகசியத்தையும் காத்தவள் நம் ஊர்ப் பெண். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பாடம் நடத்தும் இளைய ஆசிரியர்கள் புதுச்சேரி முற்றுகைக்கு வரும்போது, டூப்ளேயோடு இந்த இரு பெண்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.