நிரையும் சுழலும்

அட்டனுக்குச் சற்றுக் கீழே, புகையிரதப் பாதையை ஒட்டியுள்ள றொசல்லத் தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் முறையை உற்று நோக்குவோர், கணினிக் கலையின் அடிப்படைத் தத்துவம் ஒன்றை அங்கே காணலாம். செடியில் இரண்டு இலையும் மொட்டும் உண்டாயின் கிள்ளுதல்; இல்லையாயின் விட்டு அடுத்த செடிக்குச் செல்லுதல்; நிரை முடிந்தால் அடுத்த நிரை; மலை முடிந்தால் அடுத்த மலை. சில நாள் கழிந்ததும் முதல் மலையில் மீண்டும் கொழுந்து நிற்கும். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றி, உரிய இடத்தில் நிற்கும் இம்முறையையே கணினி மொழிகளில் சுழல் என்பர்.

1843 ஆம் ஆண்டில் ஏடா லவ்லேஸ் அம்மையார், பாபேஜ் திட்டமிட்ட இயந்திரத்திற்கு எழுதிய குறிப்புகளிலேயே இவ்வெண்ணம் இடம்பெற்றது. 1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி இதற்கெனத் தனிக் கட்டளை வகுத்தது. ஆயினும், எண்ணும் பொறுப்பு நிரல் எழுதுவோரையே சார்ந்திருந்தது. எண்ணிக்கை ஒன்று பிசகினால் கடைசிப் பெயர் விடுபடும். நிற்கும் நிபந்தனை பிழைத்தால் சுழல் ஓயாது.

1970களில் பார்பரா லிஸ்கோவ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் உருவாக்கிய குளூ மொழி இதற்கு வழி கண்டது. அவ்வழியின் பெயர் இட்டரேட்டர். பெரட்டுக் களத்தில் நிற்கும் கங்காணி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆட்கள் எவ்வாறு நிற்கின்றனர் என்பதைத் துரை அறிய வேண்டியதில்லை. ‘அடுத்தவர்’ என்றதும் கங்காணி ஒருவரை முன்னிறுத்துவார். விட்ட இடத்தை நினைவில் வைப்பார். அனைவரும் முடிந்ததும் ‘இனி ஆளில்லை’ என்பார். இட்டரேட்டரின் தொழிலும் இதுவே. 2001 இல் பைத்தன் மொழியும் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

தேயிலையின் சுழலே மலையக மக்களை இம்மண்ணில் நிலைபெறச் செய்தது. கோப்பிப் பழம் பறிக்கப் பருவகாலத்திற்கு மட்டுமே பெருந்தொகையானோர் வேண்டியிருந்தனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் பரவிய தேயிலையோ ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்டது. வந்தவர் குடும்பமாகத் தங்கினர்.

எந்தச் சுழலும் தனக்குத் தரப்பட்ட பட்டியலையே சுற்றிவரும். பட்டியலில் இல்லாத பெயரை அது ஒருபோதும் அழையாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. உடன்படிக்கைகளின்படி சிலர் குடியுரிமை பெற்றனர். பலர் இந்தியா சென்றனர். எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. ஒவ்வொரு நிரையையும் தவறாது சுற்றிவந்த குடும்பங்கள், ‘அடுத்தவர்’ என்ற அழைப்பிற்காக 55 ஆண்டுகள் காத்திருந்தன.