எடுத்து வளர்த்த பிள்ளைகள்

தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றும் தலைமையாசிரியர்களுக்குப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளோடு ஒருவகை உறவு ஏற்பட்டுவிடுகிறது. செல்லரித்த அத்தாள்களில் மாணவன் பெயருக்கு எதிரே தந்தை பெயர் எழுதும் கட்டம் ஒன்றும், பாதுகாவலர் பெயர் எழுதும் கட்டம் ஒன்றும் இருக்கும். போர் முடிந்த பின்னர் எழுதப்பட்ட பக்கங்களைப் பார்த்தால், தந்தையின் கட்டத்தில் 'சயாம்' என்ற ஒரே சொல்லைச் சிலரின் பெயருக்கு எதிரே காணலாம். அக்காலத்து ஆசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் எழுதத் தோன்றவில்லை போலும். படிப்பவர்க்கும் விளக்கம் தேவைப்பட்டிராது.

சயாம் - பர்மா இரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் இருமுனைகளும் இணைக்கப்பட்டன. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் தொகை எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டது என்று போருக்குப் பிந்திய கணக்குகள் கூறும். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி, சோறு, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினர். ஆள் சேராதபோது இலவசப் படக்காட்சி என்று கூட்டி வளைத்துப் பிடித்ததும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பல்லாயிரவரைக் காட்டிலேயே தின்று தீர்த்தன. மாண்டவர் எத்தனை பேர் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதிய நூல்கள் பல. அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாக எவரும் எழுதவில்லை.

எந்த அரசு இல்லமும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பெரியம்மாள், சித்தி, தாய்மாமன் என்று இரத்த உறவு உள்ள இடங்களில் பிள்ளைகள் ஒதுங்கினர். உறவு இல்லாத இடத்தில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. லயத்து வீடுகளின் அமைப்பே அப்படி: ஒரே கூரை, ஒரே வாசல் திண்ணை, ஒரு வீட்டுக் குழம்பின் மணம் பத்து வீட்டுக்கும் தெரியும். என் தந்தையைப் பெற்ற அப்பாயி, தம் ஐந்து பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் சேர்த்து வளர்த்தவர். 'எடுத்து வளர்த்தேன்' என்பார்; 'தத்து' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அதற்கென எந்தச் சடங்கும் நடக்கவில்லை. எந்தத் தாளிலும் எவரும் கைரேகை வைக்கவில்லை.

இதை நான் பொற்காலமாகப் புனைந்துரைக்க விரும்பவில்லை. அவ்விருவருள் மூத்தவள் பெண். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பிரட்டுக் களத்துக்குப் பெரியவர்கள் விடியலில் போனபின் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதே அவள் வேலை. பதினான்கு வயதில் அவளும் வாளி தூக்கினாள். 'எங்க அம்மா' என்றுதான் கடைசிவரை அப்பாயியைச் சொன்னார் அந்த அத்தை. ஆனால் 'தம்பிகள் படித்தார்கள், நான் படிக்கவில்லை' என்றும் ஒருமுறை சொன்னார். அவ்விரண்டு கூற்றுகளும் உண்மையே.

போருக்குப் பிறகு, 1946ஆம் ஆண்டில் மலாயாவில் சமூக நல இலாகா தோன்றியது. சிறுவர் பற்றிய சட்டம் ஒன்றும் 1947இல் வந்தது. ஆளவந்த வெள்ளையரின் சொந்த நாட்டிலேயே அப்போது இதே கேள்வி பெரும் கொதிப்பை உண்டாக்கியிருந்தது. டென்னிஸ் ஓ நீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், வேல்ஸ் நாட்டு நகராட்சி ஒன்றால் ஷ்ராப்ஷயர் பண்ணை வீடொன்றில் வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டவன், 1945 ஜனவரியில் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். நாடே அதிர்ந்தது. மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1946இல் அறிக்கை கொடுத்தது; 1948இல் சிறுவர் சட்டம் பிறந்தது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. அச்சிறுவன் மாண்டது ஒரு வீட்டில்தான். அநாதை விடுதியில் அன்று. அப்படியிருந்தும் அக்குழு, பிள்ளைகளையெல்லாம் பெரும் விடுதிகளில் அடைத்து விடுங்கள் என்று கூறவில்லை. விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தார்கள். அங்கே உணவும் உடையும் இருந்தும், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துத் தன்னுடையதாகக் கருதும் ஆள் இல்லாததைக் கண்டார்கள். ஆகவே குடும்பமே மேல். ஆனால் அக்குடும்பத்தைப் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் தவறாமல் சென்று பார்க்க வேண்டும் என்றார்கள். என் அப்பாயியின் வீட்டுக்கு அப்படி எவரும் வந்து, 'இந்தப் பெண் ஏன் பள்ளிக்குப் போகவில்லை?' என்று கேட்டதில்லை.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றின் வேறுபாட்டை நம்மவர் இன்றும் சரிவர அறியார் என்பது என் அனுபவம். ஒன்று தத்தெடுப்புச் சட்டம். முஸ்லிம் அல்லாதார்க்கு உரியது. நீதிமன்றம் ஆணையிட்டால் அப்பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமமாகும், சொத்துரிமையும் உண்டு. மற்றொன்று தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் வளர்த்து, பராமரித்து, கல்வியும் கொடுத்து வருபவர், நீதிமன்றப் படியேறாமல் பதிவதிகாரியிடமே பதிந்துகொள்ளலாம். லயத்து வீடுகளில் நெடுங்காலமாய் நடந்து வந்ததைச் சட்டம் பின்னால் வந்து கண்டுகொண்டது என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இப்பதிவால் சொத்துரிமை கிட்டாது. வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்து, வீட்டுக்குள் பங்குச் சண்டை மூண்டபின்தான் பலருக்கு இது தெரிய வருகிறது.

சட்டம் வந்த அதே காலத்தில் அதற்கு அடித்தளமாயிருந்த வாழ்வு கலையத் தொடங்கிற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது அதன் விளைவே. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நகரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குச் சிதறின. பெரியம்மாள் ஓர் ஊரில், மாமன் வேறோர் ஊரில். எடுத்து வளர்க்கும் கைகள் எட்டாத தூரத்துக்குப் போயின. அவ்விடத்தை இல்லங்கள் நிரப்பின. சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளை அணைத்துக்கொண்டது. 1961இல் சுவாமிகள் மறைந்தபின் அப்பணியைத் தொடர்ந்த அன்னை மங்களம் 2023இல் மறையும் வரை அதனோடே வாழ்ந்தார். அவரை 'அம்மா' என்று அழைத்தவர்கள் எத்தனையோ பேர். விடுதி குடும்பமாக முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் எல்லா இல்லங்களுக்கும் அன்னை மங்களம் வாய்ப்பதில்லை.

இனித் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அன்றாடம் தலைவலி தருவது அதுவே. மலாயா விடுதலை பெற்ற 1957 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. 1962 அக்டோபர் முதல் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்று விதி மாறிற்று. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு? கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தையின் தாய் அவ்விடத்து நிரந்தரவாசி என்றே கருதப்பட வேண்டும் என்று அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. இருந்தும் 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று ஒரு வளர்ப்புப் பிள்ளை அவ்வுரிமையைப் பெற வேண்டியிருந்தது. உலக நாடுகள் 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. பெயரும் நாட்டுரிமையும் பற்றிய 7ஆம் பிரிவு உள்ளிட்ட சிலவற்றுக்கு அப்போது விலக்குக் கூறியே சேர்ந்தது. குடும்பம் இழந்த பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்புத் தர வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் 20ஆம் பிரிவு. பராமரிப்பை உறவினர் தந்துவிடுகின்றனர்; பெயரைத் தருவதுதான் அரிதாயிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டு வகுப்பில் சேர்க்க ஒரு சிறுவனை அழைத்து வந்தவர், அவனுக்குப் பாட்டி முறை, தாயின் சின்னம்மாள். பிறப்புப் பத்திரம் இல்லை. தாய் எங்கே என்றும் தெரியாது. 'ரெண்டு வயசிலேர்ந்து நான்தானே சார் வளக்கிறேன்' என்றார். அவன் பெயரைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு, 1952ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை அவருக்கு விளக்கிச் சொல்லி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகம் அவரைப் பலமுறை அலைக்கழித்தது. இன்னொரு தாள், இன்னொரு சாட்சி என்றது. அவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறினார். பையன் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, நெகிழிப் பைக்குள் மடித்து வைத்த சான்றிதழோடு என் அறைக்கு வந்தார். பதிவேட்டை எடுத்துப் பாதுகாவலர் கட்டத்தில் அவர் பெயரை மையால் எழுதினேன். குடியுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.